முறைக்கு வந்த ஐந்து

காத்தானுக்கு ஆஸ்திரியா போகப் பிடிக்கவில்லை என்றுதான் பெலிண்டா முதலில் நினைத்தாள். மூன்றாவது ஷெட்டின் வெல்டர் அவர். தொட்டியத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். அறைக்குள் வந்து ஐந்து நிமிஷம் ஆகியும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, விட்டால் யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல நின்றார்.

“உக்காருங்க காத்தான். நல்ல சேதி சொல்லத்தானே கூப்பிட்டேன்?”

“சேதி நல்ல சேதிதான் மேடம். ஆளுதான் தப்பு.”

துவாக்குடி தாண்டி இருந்த அந்தத் தொழிற்சாலை மின் நிலையங்களுக்கான பெரிய வால்வுகளைச் செய்து எட்டு நாடுகளுக்கு அனுப்பியது. தலைமை ஆஸ்திரியாவில். பெலிண்டா இங்கே மனிதவள மேலாளர். ஆளெடுப்பது, தரம் பார்ப்பது, உயர்த்துவது, பரிசு கொடுப்பது எல்லாம் அவள் கையெழுத்தில் நடந்தன. அடுத்த வருடம் புதிய வெல்டிங் வரிசை ஒன்று திருச்சிக்கு வரப்போகிறது. அதற்கு ஒரு வெல்டர் ஆஸ்திரியா போய்ப் பதினான்கு மாதம் பழகி, திரும்பி வந்து மற்றவர்களுக்குப் பயிற்சியாளராக வேண்டும். தொழிலாளி என்ற நிலையிலிருந்து அதிகாரி என்ற நிலைக்குத் தாண்டும் ஒரே கதவு அது. யார் என்று கம்ப்யூட்டர் பொறுக்கியிருந்தது: காத்தான், இந்த வருட ரேட்டிங் ஐந்து. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பெலிண்டா உறுதி செய்ய வேண்டும். அன்று செவ்வாய்.

“வீட்டை விட்டுட்டுப் போக யோசனையா?”

“அட, வீட்டுல என்னை அனுப்பி வச்சாப் போதும்னு இருக்காங்க மேடம். விஷயம் அது இல்ல.” காத்தான் கதவைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கு வந்த அஞ்சு வேலைக்கு வந்த அஞ்சு இல்லீங்க. முறைக்கு வந்த அஞ்சு.”

“என்ன முறை?”

“எங்க ஊர்ல வாழைக்கு வாய்க்கால் தண்ணி விடுவாங்க பாருங்க. இன்னைக்கு என் வயலுக்கு, நாளைக்கு அடுத்த வயலுக்கு. யார் வாழை நல்ல வாழைன்னு பாத்தா தண்ணி விடுவாங்க? முறைன்னா முறை. அதே மாதிரிதான். ஷெட்டுல பத்துப் பேரு. வருஷத்துக்கு ஒருத்தருக்கு அஞ்சு. இந்த வருஷம் எனக்கு. மக கல்யாணம் வச்சிருக்கேன்ல, அதனால ஒரு வருஷம் முன்னாடியே குடுத்துட்டாங்க.”

பெலிண்டா சிரித்தாள். பிறகு அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தாள்.

ஏழு வருடங்களுக்கு முன் தலைமை அலுவலகம் கொண்டுவந்த விதி அது. பத்துப் பேர் இருந்தால் ஒருவருக்குத்தான் ஐந்து. ஒருவருக்குக் கட்டாயம் ஒன்று. மற்றவர்கள் நடுவில். ஐந்து வாங்கியவருக்குப் பரிசும் உயர்வும். ஒன்று வாங்கியவருக்கு அந்த வருடம் போனஸ் கிடையாது. மூன்று வருடத்துக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் வராது. விதி வந்த முதல் வருடம் எல்லா ஊர்களிலும் சண்டை. திருச்சியில் மட்டும் அடுத்த வருடத்திலிருந்து ஒரு புகார்கூட இல்லை. இதற்காகவே போன வருடம் சிங்கப்பூரில் பெலிண்டாவை மேடையேற்றிக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். ‘நம்பிக்கையுள்ள மதிப்பீட்டுப் பண்பாடு’ என்று அதில் பொறித்திருந்தது. அது இப்போதும் காத்தானின் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

“ஒன்னு?” என்று கேட்டாள். “அதுவும் முறையா?”

“பின்ன? அஞ்சை மட்டும் முறைவச்சுட்டு ஒன்னை யார் தலையில கட்டுறது? அந்த வருஷம் யாருக்குக் கஷ்டம் கம்மியோ அவங்க எடுத்துக்குவாங்க. அஞ்சு வாங்கினவன் ஒன்னு எடுத்தவங்க வீட்டுக்கு ஒரு வாழைத்தார் கொண்டுபோய்க் குடுக்கணும். அது வழக்கம்.”

“இதை ஏன் இப்ப எங்கிட்டச் சொல்றீங்க?”

அவர் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். “ரெண்டு வருஷம் முன்னாடி ஒன்னு என் முறை. அப்பப் பாத்து எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கிடந்துச்சு. செல்லக்கிளி வந்து, ‘நீங்க இருங்கண்ணே, நான் எடுத்துக்கிறேன்’னுச்சு. எங்க ஷெட்டுலயே அதுக்குத்தான் கை. அது போட்ட வெல்டுக்கு மேல நகத்தை வச்சு ஓட்டினாத் தடுக்காது. இன்னைக்கு அந்த ஒன்னாலதான் அது பேரு வரல. நான் போய் ஆஸ்திரியாக்காரன் முன்னாடி நின்னு பத்த வச்சா கம்பெனி மானம்தாங்க போகும்.”

அவர் போன பிறகு பெலிண்டா ஆறு வருடப் பட்டியலைத் திறந்தாள். இத்தனை நாளும் பார்த்த அதே எண்கள். ஐந்து ஒவ்வொரு வருடமும் ஒரு புதிய பெயரிடம் இருந்தது. ஒன்று என்ற ரேட்டிங்கும் அப்படியே. ‘எல்லோரும் வளர்கிறார்கள்’ என்று அவளே இதற்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். அந்த வரியைப் படிக்கும்போது கழுத்தில் சூடு ஏறியது. கோபமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏமாற்றப்பட்டவளுக்கு வர வேண்டிய கோபம் தனக்கு ஏன் முழுசாக வரவில்லை என்பதுதான் அவளைக் குழப்பியது.

மறுநாள் மதியம் கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் செல்லக்கிளியைப் பிடித்தாள். முப்பத்து நான்கு வயது. வையம்பட்டிப் பக்கம். ஷெட்டில் ஒரே பெண். டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குப் போக ஆசையா செல்லக்கிளி?”

“ஆசை இல்லாமயா மேடம்? பாஸ்போர்ட் எடுத்து வச்சு ஒன்றரை வருஷமாச்சு.”

“யாருக்கும் தெரியுமா?”

“எங்க வீட்டுக்காரருக்கே போன மாசம்தான் தெரியும். பீரோவுல துணி தேடறப்ப கையில மாட்டிருச்சு. ‘எந்த நாட்டுக்குடி ஓடப் பாக்குற’ன்னாரு.” சிரித்தாள். “எந்த நாடுன்னு எனக்கே அப்பத் தெரியாது.”

“அப்புறம் ஏன் அந்த ஒன்னை எடுத்தீங்க?”

“அன்னைக்கு இப்படி ஒன்னு வரும்னு யார் கண்டா? அண்ணி ஆஸ்பத்திரில. எனக்கு அந்த வருஷம் தலைபோற செலவு இல்ல.” டப்பாவை உதறினாள். “போகணும் மேடம். ஆனா காத்தாண்ணன் முறையைப் பிடுங்கிட்டுப் போனேன்னு பேரு வேணாம்.”

“உங்க ஷெட்டுல யார் கை நல்ல கை? நீங்களே சொல்லுங்க.”

செல்லக்கிளி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை அந்தப் பார்வையில். உண்மையான ஆச்சரியம். “அது உங்களுக்குத் தெரியாதா மேடம்?”

தெரியாது. ஒரு வால்வை மூன்று பேர் சேர்ந்து பற்றவைப்பார்கள். எக்ஸ்ரேயும் குழுவின் பெயரில்தான் எழுதப்படும். ஆள் ஆளுக்கு யார் எப்படி என்பதை பெலிண்டா எப்போதும் அந்த எண்ணிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். முந்நூற்று எழுபது பேரின் பிறந்த நாள் அவளுக்குத் தெரியும். யாருடைய கை நல்ல கை என்று தெரியாது.

அன்று மாலை வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனாள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. மூன்றாவது ஷெட்டின் மேற்பார்வையாளராக இருபத்தேழு வருடம் இருந்து மார்ச்சில் ஓய்வு பெற்ற பீமராவ், அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார். அவள் போனபோது தரையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

“வாங்கோ பெலிண்டாம்மா. இதோ, இந்த ஸ்க்ரூ மட்டும் எங்கேயோ உருண்டு போயிடுத்து. பாத்துக் கால் வைங்கோ.”

அவள் கேட்டதும் அவர் மறுக்கவில்லை. ஆனால் முகம் சுருங்கியது. “காத்தான் சொல்லிட்டானா? அவன் வாயில எதுவும் தங்காதே. என் பேரைச் சொல்லிடுவேளா மேலிடத்துல?”

“தெரியல சார்.”

“முதல் வருஷம் நான் நேர்மையாத்தாம்மா போட்டேன். அஞ்சு ஒருத்தனுக்கு, ஒன்னு இன்னொருத்தனுக்கு. ரெண்டு பேரும் மச்சான் மச்சினன். தீபாவளிக்கு ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் போகல. ஷெட்டுல ஒருத்தன் பிடிச்சுக் குடுத்தாத்தான் இன்னொருத்தன் பத்த வைக்க முடியும். பிடிக்கவே மாட்டேன்னுட்டான். அம்பது வால்வு திரும்பி வந்தது. அடுத்த வருஷம் இவாளே வந்து, ‘சார், நீங்க எழுத வேணாம், நாங்க சொல்றதை எழுதுங்க’ன்னா. எழுதினேன். வால்வு திரும்பி வர்றது நின்னுடுத்து.”

“தப்புன்னு தோணலையா?”

“தோணித்து. பத்து பேரும் நன்னா வேலை பாக்கறச்சே ஒருத்தனைப் பிடிச்சு மட்டம்னு எழுதறது மட்டும் என்ன சரி? ரெண்டும் தோணித்து. நான் இன்ஜினியரிங் டிப்ளமாம்மா. எது பெரிய தப்புன்னு எடை போடறதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்.”

மிக்ஸியின் அடிப்பக்கத்தில் அவர் ஸ்க்ரூடிரைவரைத் திருகிக்கொண்டிருந்தார். பெலிண்டாவுக்குக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருந்தது. பாலத்தில் நின்றபோதே அது வந்திருந்தது. அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாளோ என்று இப்போது தோன்றியது.

ஐந்து வருடங்களுக்கு முன் அவள் கணவன் ஜோஸ்வின் இறந்தான். மன்னார்புரம் ரவுண்டானா அருகே, மோட்டார் சைக்கிளில். மூன்றாவது வாரமே அவள் வேலைக்குத் திரும்பினாள். அழுகை வந்தால் கோப்பைத் திறந்தாள். வந்துகொண்டே இருந்ததால் அந்த வருடம் நிறையக் கோப்புகள் முடிந்தன. ஆண்டுக் கடைசியில் மேலாளர்களும் மேற்பார்வையாளர்களுமாகப் பத்துப் பேர் கூடிய கூட்டத்தில் அவளுக்கு ஐந்து போட்டார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றுதான் ஜோஸ்வின் இல்லாமலும் தான் ஒரு முழு ஆள் என்று முதல் முறையாக நம்பினாள். அதன் மேல் நின்றுதான் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்திட்டாள். மகனை விடுதியிலிருந்து திரும்பக் கூட்டிக்கொண்டாள். தனியாக சிங்கப்பூர் போனாள்.

“ராவ் சார், அந்த வருஷம் எனக்கு அஞ்சு போட்டீங்களே. நீங்களும் அந்த மீட்டிங்ல இருந்தீங்க. அதுவும் முறையா?”

ஸ்க்ரூடிரைவர் நின்றது. “ஞாபகம் இல்லையேம்மா. மீட்டிங் நடுவில நான் டீ சொல்ல எழுந்து போயிட்டேன்னு நினைக்கிறேன்.” பிறகு செய்தித்தாளைத் தூக்கி உதறி, “இந்த ஸ்க்ரூ எங்கதான் போச்சோ” என்றார்.

வியாழக்கிழமை காலை பெலிண்டா ஒரு முடிவுக்கு வந்தாள். எண்ணை நம்ப முடியாது. ஆளுக்கு ஆள் சொல்வதையும் நம்ப முடியாது. உலோகம் பொய் சொல்லாது. பத்து வெல்டர்களும் ஆளுக்கு ஒரு டெஸ்ட் பீஸ் பற்றவைக்க வேண்டும். அதில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எது சுத்தமாக இருக்கிறதோ அந்த ஆள் போகட்டும். அந்தப் படத்தோடு தலைமையிடம் பேசலாம். எளிமையாக இருந்தது. எளிமையாக ஒன்று கிடைத்ததில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷெட்டில் அதை அறிவித்தாள். பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். பிறகு முகமூடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. நீல வெளிச்சம் பத்து இடங்களில் வெடித்தது.

வெள்ளிக்கிழமை காலை தரப் பிரிவின் இருட்டறையில் நஜிமுதீன் படங்களை விளக்குப் பலகையில் மாட்டினார். ஒன்பது படங்களில் பற்றவைத்த கோட்டின் நடுவே கருப்பாக ஊசித்துளைகள் தெரிந்தன. ஆறாம் எண் படத்தில் மட்டும் கோடு பால்போல இருந்தது. எண்களுக்குரிய பெயர்களை எழுதி ஒட்டியிருந்த உறையை பெலிண்டா பிரித்துப் பார்த்தாள். ஆறு, செல்லக்கிளி.

மூச்சு விட்டாள். “தெளிவாயிருச்சு நஜிமுதீன்.”

“தெளிவா?” அவர் தாடியைச் சொறிந்தார். “ஒம்பது பேரு மேடம். இருபது வருஷம் கை பழகின ஆளுங்க. ஒரே நாள்ல, ஒரே மாதிரி, ஒரே இடத்துல சறுக்கியிருக்காங்க.”

“சறுக்க மாட்டாங்களா?”

“சறுக்கலாம். அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நேத்து வெல்டிங் ராடைச் சரியா காய வைக்கலன்னா ஈரம் ஏறியிருக்கும். ஈரம் இருந்தா இப்படித் துளை விழும். வேணும்னே ஈர ராடை எடுத்தாலும் இப்படித்தான் விழும். படத்தைப் பாத்து மனசைச் சொல்ல முடியாது மேடம்.”

“அப்ப ஆறாம் நம்பர்?”

“அவங்களுக்கு மட்டும் காஞ்ச ராடு கிடைச்சிருக்கணும். இல்ல, அவங்க கை அப்படி இருக்கணும்.”

அவள் நேரே ஷெட்டுக்குப் போனாள். காத்தான் கையை விரித்தார். “ஒம்பது பேருக்கும் நேத்து கை சரியில்ல மேடம். வெயிலு பாருங்க.” செல்லக்கிளியைத் தனியே கூப்பிட்டு, அவர்கள் வேண்டுமென்றே கெடுத்தார்களா என்று கேட்டாள்.

“முகமூடி போட்டா முன்னாடி ஒரு புள்ளி வெளிச்சம்தான் மேடம் தெரியும். பக்கத்துல யார் என்ன பண்ணாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க வெல்டு மத்த ஒம்பதும் நல்லா இருந்திருந்தாலும் முதல்ல வந்திருக்குமா?”

செல்லக்கிளியின் குரலில் முதல் முறையாக ஒரு கலக்கம் இருந்தது. “வந்திருக்கும்னுதான் நினைக்கிறேன். நேத்து ராத்திரி வரைக்கும் சத்தியமே பண்ணியிருப்பேன். இப்ப நீங்க கேக்கறப்ப…” முடிக்கவில்லை. கையுறையைக் கழற்றித் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த முகம் பெலிண்டாவுக்குத் தெரிந்த முகம். மூன்று நாளாகக் கண்ணாடியில் பார்த்தது.

அறைக்கு வந்து, பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஐந்து வருடங்களுக்கு முந்தைய மேலாளர் பட்டியலைத் திறந்தாள். பெலிண்டா ஜோஸ்வின், ஐந்து. கீழே கடைசி வரியில் அந்த வருடத்தின் ஒன்று இருந்தது. பீமராவ். அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். அந்த வருடம் மூன்றாவது ஷெட்டிலிருந்து சரக்கு இரண்டு மாதம் தாமதமாகப் போனதும் நினைவுக்கு வந்தது. அதற்காகவே போட்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த வருடம் அவர் வீட்டுக்கு யாராவது வாழைத்தார் கொண்டுபோனார்களா? தான் கொண்டுபோகவில்லை என்பது மட்டும் நிச்சயம். அப்போது வழக்கம் தெரியாது.

நான்கு மணிக்குப் பெங்களூரிலிருந்து சித்தார்த் திரையில் வந்தார். ஆசியப் பகுதிக்குத் திறமைகளைத் தேர்ந்தெடுக்கும் பிரிவின் தலைவர்; பெலிண்டாவுக்கு இப்போது ரேட்டிங் போடுபவரும் அவரே. அவளைவிட எட்டு வயது இளையவர்.

“பெலிண்டா, நீங்க அனுப்பின பேரு புரியல. காத்தானுக்கு அஞ்சு. இந்தம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒன்னு இருக்கே. சிஸ்டமே ஏத்துக்காது.”

“அந்த ஒன்னு அவங்க வேலைக்கு உரியது இல்ல சித்தார்த். சரிபார்க்காம அதை ஏத்துக்கிட்டது நான். எக்ஸ்ரே படம் அனுப்பியிருக்கேன். திருத்தம் கேட்டு எழுதறேன்.”

“திருத்தம்னா விசாரணை வரும். அந்த வருஷ ரேட்டிங் எல்லாத்தையும் கிளறுவாங்க.”

“கிளற வேணாம். ஒரு தப்பு, ஒரு ஆள், பொறுப்பு என்னோடதுன்னு எழுதறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த வருஷம் உங்க ரேட்டிங் என்ன ஆகும்னு தெரியும்ல? உங்க குரூப்புல எனக்கும் ஒருத்தருக்கு ஒன்னு போட்டே ஆகணும். யாருக்குன்னு முழிச்சிட்டிருக்கேன்.”

“இனிமே முழிக்க வேணாம்.”

சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. மூன்று வருடம் தன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. சிங்கப்பூர் வராது. திருத்தம் கேட்டு அவள் கடிதத்தில் எழுதியது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. முறையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செல்லக்கிளிக்கு நியாயம் செய்தாளா, பத்துப் பேரைக் காப்பாற்றினாளா, அல்லது பெயர் தெரியாத ஒரு பழைய பாக்கியைத் தீர்த்தாளா? அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். எது என்று தெரிந்தபின் அனுப்பலாம் என்று நினைத்தாள். ஐந்து மணிக்கு இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. தெரியாமலே அனுப்பினாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. செல்லக்கிளி, ஜூலை முதல் பதினான்கு மாதம். பெலிண்டா ஷெட்டுக்குப் போய்ச் சொன்னபோது செல்லக்கிளி, “ஜூலையில அங்க குளிரா மேடம்?” என்று மட்டும் கேட்டாள். பிறகு போய் முகமூடியை மாட்டிக்கொண்டு, அன்று பற்றவைக்க வேண்டியது எதுவும் இல்லாதபோதும், ஒரு தகட்டுத் துண்டை எடுத்து வைத்துப் பற்றவைக்க ஆரம்பித்தாள். முடித்ததும் ஆறவிட்டு, மேலே நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

அறைக்குத் திரும்பிய பெலிண்டாவின் கதவோரம் ஒரு வாழைத்தார் சாய்ந்திருந்தது. தொட்டியத்துப் பூவன், மேல்சீப்பு மட்டும் மஞ்சள் கண்டிருந்தது. வராந்தாவின் கோடியில் காத்தான் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன இது காத்தான்?”

“இந்த வருஷ ஒன்னு உங்க பக்கம் வந்துருச்சாமே மேடம். அஞ்சு வாங்கினவன் குடுக்கணும்ல.”

“உங்களுக்கு யார் சொன்னா?”

“பெங்களூர்லயும் எங்க ஊர்க்காரப் பய ஒருத்தன் இருக்கான்.”

பரிசுப் பொருள் வாங்கக் கூடாது என்று கம்பெனியில் விதி இருந்தது. அந்த விதியை எழுதியவள் அவளே. பெலிண்டா தாரைப் பார்த்தாள். கண்ணாடிக் கேடயம் இருக்கும் அலமாரியைப் பார்த்தாள். மாலையில் தாரிலிருந்து இரண்டு சீப்பை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, மீதியை கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு, வண்டியைப் பாலத்துப் பக்கம் திருப்பினாள். பீமராவ் வீட்டு மணியை அழுத்தி நின்றபோது, இதை அவரிடம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று இன்னும் அவள் யோசித்திருக்கவில்லை. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.